சுற்றி வந்த ஒன்று

"கிட்டை அணைச்சிடாதக்கா. கூட்டல் உள்ள இருக்குது. வந்து பெருக்கல் போட்டுடலாம்" என்றான் ஜகபர் அலி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"கூட்டத்தான் அதுக்கே தெரியுமே. வேல இல்லாதவன்டா நீ" என்றாள் ரஹமத்.

தம்பி சிரித்தபடி செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். திண்டிவனம் போகும் வழியில் அவன் ஏறிய பஸ் லாரியில் மோதியது.

கிட் என்பது நண்பன் தனசேகரன் தன் பயிற்சி நிலையத்திலிருந்து இரவல் தந்த மைக்ரோபிராசசர் பலகை. சில சாவிகள், சிவப்பாக எரியும் எண்கள். கூட்டல் கட்டளையைத் தொடாமல் ஒன்று, பூஜ்யம் என்ற பிட்டுகளை வைத்தே கூட்டுவது அக்காவுக்கும் தம்பிக்கும் பந்தயம். எக்ஸார் என்ற கட்டளையைச் செய்தால் மனதில் வைக்காமல் கூட்டிய விடை வரும். ஆண்ட் கட்டளையைச் செய்தால் மனதில் வைக்க வேண்டியது வரும். அதை ஓரிடம் இடப்பக்கம் தள்ளி, மனதில் ஏதும் மிஞ்சாத வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அம்மா ஹுசைன் பீ, இறந்த மகனின் மய்யத்தைக் குளிப்பாட்டிய இடத்தில் நாற்பது நாளும் விளக்கு வைத்தாள். அறையில் எரிந்த சிவப்பு எண்களையும் அணைக்க விடவில்லை. "புள்ள ஏத்தி வெச்சிட்டுப் போனது, எரியட்டும்." கரண்ட் போனாலும் அவன் கட்டியிருந்த பேட்டரியில் அது எரிந்தது.

நாற்பது முடிந்ததும் கிட் திரும்பிப் போய்விடும். அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதற்குள் அவன் விட்ட பெருக்கலை முடித்துவிட ரஹமத் உட்கார்ந்தாள். அவனுடைய கூட்டலையே அழைத்து அழைத்துப் பெருக்கும்படி எழுதினாள். சின்ன எண்களுக்குச் சரியாக வந்தது. நூறை நான்கால் பெருக்கினாள். நானூறில் எட்டு பிட்டுக்கு மேற்பட்ட இருநூற்று ஐம்பத்தாறு வெளியே விழுந்துபோக, நூற்று நாற்பத்து நான்கு மிஞ்ச வேண்டும். ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடியும் அதேதான். யாரோ பின்னால் நின்று அந்த ஒன்றை வைப்பதுபோலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். கொடியில் அவன் லுங்கிதான்.

தன் பகுதியில் தப்பில்லை. அவனுடைய கூட்டலைக் கட்டளை கட்டளையாகப் பார்த்தாள். தள்ள வேண்டிய இடத்தில் சுழற்றும் கட்டளையைப் போட்டிருந்தான். இடக்கோடியில் வெளியே போக வேண்டிய ஒன்று, போகாமல் சுற்றி வலக்கோடி வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஒரு சாவி மாற்றினால் போதும். அவள் மாற்றவில்லை.

கிட்டை எடுத்துப்போக வந்த தனசேகரன் கணக்கைப் போட்டுப் பார்த்தான். "இன்னாக்கா, ஒண்ணு ஜாஸ்தி காட்டுது?"

"அவன் போட்டது. கை வைக்க மனசு வரல."

"தப்போட விட்டுட்டுப் போனா அவனுக்குத் தூக்கமே வராதுக்கா. உனக்குத் தெரியாததா?"

அவள் கிட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சாவியை அழுத்தி மாற்றினாள். நூற்று நாற்பத்து நான்கு வந்தது. தானே சுவிட்சை அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றினாள்.

"அணைஞ்சிடுச்சா?" என்றாள் வாசற்படியில் நின்றிருந்த அம்மா.

"ஆமாம்மா."

பெட்டியில் வைக்குமுன் தனசேகரன் ஒருமுறை சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். யார் போட்டாலும் முதலில் வருவதுபோல, கிட்டின் பெயர் மட்டும் வந்தது.