ஜெர்மனியிலிருந்து வந்த முகம்

நெதர்லாந்தில் காரை வேகமாக ஓட்டினால் அரசாங்கம் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காது. கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில் அபராதத்தைக் கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கும். ஜெர்மன்காரர்கள் அப்படியல்ல. ஓட்டியது யார் என்று தெரியாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

இது ஹில்யேவுக்குத் தெரியாது. ஐம்பதில் போக வேண்டிய தெருவில் அறுபத்தெட்டில் போனதாக எல்லைக்கு அப்பாலிருந்து கடிதம் வந்ததும், கார் தன் பெயரில் இருப்பதால் கட்டித் தொலைப்போம் என்று போனை எடுத்தாள். அவள் போகவே போகாத ஊர் அது. யாரோ நம்பர் பலகையைத் திருடியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே ஒரு படம் இருந்தது. 'ஓட்டியவர் யார்?' என்று கீழே கேட்டிருந்தது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் புருஷன் வூபோ வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தான்.

நான்கு வருடங்களுக்கு முன், பனிக்கட்டியாய் உறைந்த சாலையில் அவன் ஓட்டிய பால் லாரி சறுக்கிக் கால்வாயில் விழுந்தது. அன்று கரையேறியவன் பிறகு ஒரு சைக்கிளைக்கூடத் தொடவில்லை. இப்போது ஹில்யேவின் கண்ணும் மங்கிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் வராத ஊரில் ஓட்ட ஆளில்லாமல் எப்படி இருப்பது? முப்பத்தோரு வருடம் வாழ்ந்த வீட்டை விற்பதென்று முடிவாகி, கையெழுத்து வாங்கத் தரகர் இன்று இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. மணி ஒன்றே முக்கால்.

"வூபோ!"

கொட்டகையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தவன் படத்தைப் பார்த்ததும் காது வரை சிவந்தான்.

"திட்டாத, ஹில்யே. நீ வியாழக்கிழமை பாட்டுக் குழுவுக்கு நடந்து போனதும்..."

"திட்டுறதா? அறுபத்தெட்டுய்யா! என் தங்கமே, அறுபத்தெட்டு! ஏன் என்கிட்ட மூச்சு விடல?"

"இங்க ஓட்டினா ஊரே ஜன்னல்ல நிக்கும். அங்க என்னை யாருக்குத் தெரியும்? ஆனா வடக்குப் பாதையிலதான் போவேன். அது ஜெர்மனிக்கு மட்டுந்தான் போகும். ரொட்டி வாங்கணும்னாலும், உன் கண் ஆஸ்பத்திரிக்குன்னாலும் லாரி விழுந்த அந்தக் கால்வாய் வளைவைத் தாண்டணும். அது என்னால முடியல. அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

ஹில்யே சாவியை அவன் கையில் திணித்தாள். "இப்ப நான் பக்கத்துல இருக்கேன். ஏறு."

"தரகர் வந்துடுவாரே?"

"வரட்டும். ஏறுன்னா ஏறு!"

அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கார் ஊர்ந்தது. இருபது, பதினைந்து. வளைவு வந்தபோது பத்து. கால்வாய் வலப்பக்கம் சாலையை ஒட்டியே கிடந்தது.

எதிரே வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலை, இடப்பக்கம் வேலி. யாராவது தண்ணீரோரப் புல்லில் இறங்கி வழிவிட வேண்டும். எதிர்க் காரில் இருந்தவர் தரகர்தான். நகரத்து மனிதர்; கால்வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'நீங்களே இறங்குங்கள்' என்று கைகாட்டினார்.

"திரும்பிப் போயிடலாமா?" என்றாள் ஹில்யே. ஏறச் சொன்ன தன் வாயை அவளே சபித்துக்கொண்டாள்.

வூபோவின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. வலப்பக்கம் ஹில்யே இருந்த பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, அவளைத் தாண்டி எட்டி, புல்லையும் தண்ணீரையும் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்தான். வலப்பக்கச் சக்கரங்கள் புல்லில் இறங்கின. கார் தண்ணீர்ப்பக்கம் சாய்ந்தது. ஹில்யே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு சாண். நின்றது.

வெள்ளைக் கார் உரசாமல் முன்னால் வந்து, பக்கத்தில் நின்றது.

"உங்க வீட்டுக்குத்தான் வந்துகிட்டிருக்கேன். எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் தரகர்.

"ரொட்டி வாங்க," என்றான் வூபோ. அவன் குரல் நடுங்கியது. ஆனால் அவன்தான் சொன்னான். "வீடு விக்கிறதா இல்லைங்க. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

தரகருக்கு முகம் சுண்டிவிட்டது. "அது சரி, மேடத்தால இனி ஓட்ட முடியாதுன்னுதானே விக்கிறதா சொன்னீங்க? நீங்க ஓட்டுற வேகத்துக்கு ரொட்டி வீடு வந்து சேர நாளைக்காயிடுமே!"

ஹில்யே புருஷனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஜெர்மன்காரங்க வேற மாதிரி சொல்றாங்க," என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள். வூபோ கியரைப் போட்டுச் சாலையில் ஏறினான்.