பெயர் தங்காத புட்டிகள்

பெய்ரக்காவ் திராட்சைத் தோட்டத்து ஒயின் புட்டிகளில் 1920-லிருந்து பெயர் தங்குவதில்லை. மாலையில் ஒட்டிய லேபிள் காலையில் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும். தக்கையில் சூடுவைத்துப் பொறித்த எழுத்துகூட ஆறிய புண் போல மூடிக்கொள்ளும். மூன்று தலைமுறையாக அரண்மனை விருந்துகளுக்குப் போன பெயர் அது. முதலாளி கஸ்பார் பசையை மாற்றினான், அச்சகத்தை மாற்றினான், கடைசியில் பாதிரியாரைக் கூட்டிவந்து தீர்த்தமும் தெளித்துப் பார்த்தான். தாள் நனைந்ததுதான் மிச்சம்.

காரணம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவன் யுத்தத்துக்குப் போயிருந்தபோது, நொண்டிக் காலென்று பட்டாளம் ஒதுக்கிவிட்ட தம்பி எமிலியான்தான் 1917-ஆம் ஆண்டு அறுவடையை எடுத்தான். குதிரைகளை ராணுவம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய கிழவர்களோடும் பெண்களோடும் கஸ்பாரின் மனைவி ஓதீலும் மழையில் கூடை சுமந்தாள். 1919-ல் கஸ்பார் திரும்பி வந்ததும், எந்தப் பீப்பாய் தோட்டத்தின் பெயரில் போகலாம், எது பெயரில்லாமல் போகவேண்டும் என்று முதலாளி சுவைத்துச் சொல்லும் நாள் வந்தது. அவன் பீப்பாய் பீப்பாயாக வாய் கொப்பளித்துத் தரையில் துப்பினான்.

“இது நம்ம பேரைத் தாங்காதுடா. ஒண்ணுகூடத் தேறாது.”

“நீ இல்லாத வருஷத்துல இவ்ளோதான் வந்துச்சு அண்ணே. மழை வேற.”

“மழை மேல ஏன் பழியைப் போடுற?”

அத்தனையும் போர்தோ நகர வியாபாரி ஒருவனின் மலிவுச் சரக்கில் கலக்கப் போயிற்று. பீப்பாய்கள் வண்டியேறிய அன்றே எமிலியான் அல்ஜீரியாவுக்குக் கப்பலேறினான். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று கஸ்பார் பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறான். அடுத்த வசந்தத்தில் முதல் லேபிள் வெளுத்தது.

ஒயின் என்னவோ வருடத்துக்கு வருடம் நன்றாகவே வந்தது. வாங்குகிறவர்களும் வெள்ளைத் தாளுக்குப் பழகிப்போனார்கள். 1936-ல், எமிலியான் ஓரான் நகரத்தில் காய்ச்சலில் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. கஸ்பார் காலி லாயத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, தம்பி போட்ட ஒயினில் ஒரு வாய் இருந்திருக்கக்கூடாதா என்று புலம்பினான். ஓதீல் தீவனத் தொட்டியின் வைக்கோலைத் தள்ளி ஒரு புட்டியை எடுத்து நீட்டினாள்.

“இத்தனை வருஷமா இங்கயா இருந்துச்சு? ஏன் சொல்லல?”

“பீப்பாய் வண்டியேறுறதுக்கு முன்னாடி ஒரு புட்டி பிடிச்சு, கேட்டா தரலாம்னு வெச்சிருந்தேன். நீங்க பசையைத்தானே மாத்திக்கிட்டு இருந்தீங்க. நானும் சுமந்த கூடைங்க அது.”

கஸ்பார் அங்கேயே தக்கையைப் பிடுங்கினான். புளிப்பு. நீர்த்த ருசி, ஈர வைக்கோல் வாடை. அன்றைக்கு அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அது தெரிந்ததும்தான் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மனைவிக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு சொட்டும் துப்பாமல் குடித்து முடித்தான். வெறும் புட்டியில் தாள் ஒட்டி, தோட்டத்தின் பெயரையும் அதன் கீழே தம்பியின் பெயரையும் தன் கையாலேயே எழுதினான்.

காலையில் இரண்டு பெயரும் அப்படியே இருந்தன. விற்பனைக்கு அடுக்கியிருந்த புட்டிகள் வழக்கம்போல வெளுத்துக் கிடந்தன. கஸ்பார் அச்சகத்துக்கு இனி வேலையில்லை என்று ஆள் அனுப்பினான். வெள்ளைத் தாளையே ஒட்டச் சொன்னான். இன்றும் அதைத்தான் ஒட்டுகிறார்கள்.