பவுனம்மாளின் வெறுங்கூடை

கோட்டையிலிருந்து ஆள் வந்து தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து பழவேற்காட்டில் எந்த வீட்டுக்கும் ரகசியம் இல்லை. குப்பையை ஏரியில் கொட்டக்கூடாது. கூடையில் போட்டு வாசலில் வைக்க வேண்டும். காலையில் மாட்டுவண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தருக்கு மூக்கு நீளம் என்று தெருவில் சிரித்தார்கள். பவுனம்மாளுக்கோ அந்த ஏற்பாடு ரொம்பவே பிடித்துப்போயிற்று. வண்டி வருவதற்குள் தெருவில் ஒரு நடை போய்வந்தால் போதும். யார் வீட்டில் விருந்தாளி, யார் வீட்டில் வெறும் கஞ்சி, எந்த மாமியார் கோபத்தில் சட்டியை உடைத்தாள் என்பதெல்லாம் கூடையிலேயே தெரிந்துவிடும். தெரிந்ததை அவள் தன்னோடு வைத்துக்கொள்வதும் கிடையாது.

அப்படிப்பட்டவள் இரண்டு நாளாக வீட்டுக்குள் அடைந்து, உட்கார்வதும் எழுவதுமாக அல்லாடிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பின்னால் மூடி வைத்த பானை நிறைய இறால் தோல் இருந்தது.

ஏரியில் இறால் விழும் இடத்தில் வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் முறைநாள் உண்டு. அதைப் பாடு என்பார்கள். முறை தப்பி வலை கட்டியவனுக்கு அந்த வருஷம் முழுக்கப் பாடு கிடையாது என்பது ஊர்ப் பெரியவர்கள் வைத்த சட்டம். முந்தாநாள் எதிர்வீட்டுக் குப்பம்மாளுடைய பாடு. அவள் புருஷன் ஏரிக்குப் போவதற்குள், கருக்கலிலேயே பவுனம்மாளின் புருஷன் செங்கல்வராயன் அங்கே வலை போட்டு வழித்துக்கொண்டு வந்துவிட்டான். கேட்டால் ஒரு நாள்தானே என்கிறான். உரித்து, வேகவைத்து, தின்றாயிற்று. தோல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஏரியில் கொட்டினால் கோட்டைக் காவல்காரன் பிடிப்பான். புதைத்தால் நாய் தோண்டும். எரித்தால் அக்கரைப் பசியாவரம் வரைக்கும் நாறும்.

ஆகவே கூடையைக் கழுவி வெறுமையாக வாசலில் வைத்தாள். நேற்றும் வெறுங்கூடை, இன்றும் வெறுங்கூடை. ஊர்க் கூடையெல்லாம் எட்டிப் பார்த்தவளுக்கு, ஆறு பேர் தின்னும் வீட்டில் ஒரு சாம்பல்கூட விழாவிட்டால் தெரு என்ன நினைக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. பாவம், அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

இன்று விடிந்ததும் குப்பம்மாள் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். தோலோடு போட்டுச் சுண்டக் காய்ச்சிய இறால் குழம்பு. தங்கள் வலையில் விழுந்ததே ஒரு கைப்பிடி, அதில் பாதி இது என்றாள். தன் கண்ணெதிரே தின்றால்தான் போவேன் என்று குந்திக்கொண்டாள்.

தின்னத் தின்னப் பவுனம்மாளுக்கு மூளை வேலை செய்தது. இனிக் கூடையில் தோல் கிடந்தால் கேட்பாரில்லை. குப்பம்மாள் கொடுத்தது என்று சொல்லிவிடலாம்.

தின்று முடிந்ததும் குப்பம்மாள் தட்டிலிருந்த தோலைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள்.

"இத நான் எடுத்துனு போறேன்க்கா. உன் கூடையில பாத்தா, எங்க பாடு நாள்ல கை வெச்சது நீங்கதான்னு எவளாச்சும் கத கட்டுவா."

அந்த எவளாச்சும் வழக்கமாக யார் என்பது பவுனம்மாளுக்குத் தெரியாதா? தெருமுனையில் வண்டி மணி கேட்டது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அடுப்புக்குப் பின்னால் போய்ப் பானையைத் தூக்கி வந்து குப்பம்மாள் முன்னால் வைத்தாள்.

"அப்ப இதையும் எடுத்துனு போ, குப்பு."

குப்பம்மாள் மூடியைத் திறந்தாள். மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"எத்தினி கூடை விழுந்துச்சி?"

"ரெண்டு."

குப்பம்மாள் தன் கிண்ணத்தில் இருந்ததையும் அந்தப் பானையிலேயே தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பவுனம்மாள் பானையை வாசலுக்குக் கொண்டுபோய்க் கூடையில் கவிழ்த்தாள். கூடை நிறைந்து தரையிலும் வழிந்தது. இரண்டு வாசல் தள்ளி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து செங்கல்வராயன், இன்னா சத்தம் என்று கேட்டான்.

"எழுந்து வெளிய வா. மேலுக்குத் துண்டப் போட்டுனு வா. ஊர்ப் பெரியவங்க வருவாங்க."