மாட்டெலும்பின் வெண்மை

பர்மாவில், தன்லியின் என்ற ஊரில் தனசேகரன் நடத்திய பீங்கான் பட்டறையில் வெண்களிமண் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து அதைக் கொண்டுவரும் லாரிகள் நான்கு மாதமாக ஓடவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பபேடான் கடைத்தெருவில் பூசைப்பொருள் கடை நடத்தும், பர்மிய மரியாதையில் 'டோ' சேர்த்து அழைக்கப்படும் ராதா, புத்தர் முன் தண்ணீர் வைப்பதற்கு நூறு பீங்கான் கிண்ணங்கள் கேட்டிருந்தாள். அவற்றைக் கொடுக்க முடியாவிட்டால் தனசேகரன் சூளையை விற்றுவிட வேண்டியதுதான்.

அமெரிக்கா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது, பிலடெல்பியாவில் சிலர் சீனப் பீங்கானுக்கு ஈடாக ஒன்றைச் செய்ய முயன்று, மண்ணில் எலும்புச் சாம்பல் கலந்ததாக அவன் படித்திருந்தான். பாசிலின் கறிக்கடையில் மாட்டெலும்பு வாங்கிவந்து, வெளுக்கும்வரை எரித்தான்.

"ஏங்க, மாட்டெலும்பா? சாமிக்கு வைக்கிறதுலயா?" என்றாள் மனைவி புஷ்பா.

"திருநீறு பூசுற இல்ல? நெருப்புல வெந்துட்டா எல்லாம் சாம்பல்தான்."

"அது சாணி. இது செத்த மாடு."

"நீ சூளைக்கு விறகு போட வந்தியா, பூசாரி வேலைக்கு வந்தியா?"

பன்னிரண்டு மாதிரிக் கிண்ணங்களில் ஒன்பது வெடித்தன. தேறிய மூன்றை வெளிச்சத்தில் பிடித்தால், மறுபுறம் விரல்களின் நிழல் தெரிந்தது.

மறுநாள் கணவனும் மனைவியும் அவற்றை எடுத்துக்கொண்டு பபேடானுக்குப் போனார்கள்.

"எம்மாடி! சீனாக்காரன் தோத்தான், கோ சேகர். என்ன போட்டீங்க?" என்றாள் டோ ராதா, பர்மிய வழக்கப்படி அண்ணன் முறையில் 'கோ' போட்டு.

மண் என்று சொல்லியிருக்கலாம். ஆனால், தன் வெற்றியைக் கேட்க ஆளில்லாமல் தவித்திருந்தவன் பிலடெல்பியாவிலிருந்து தொடங்கிவிட்டான்.

"என்ன எலும்பு?"

"மாட்டு..." என்று அவன் இழுத்தான். புஷ்பா தலையைக் குனிந்துகொண்டாள். டோ ராதா கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளங்கைகளைக் கைலியில் துடைத்தாள்.

"எங்கப்பா தமிழு, அம்மா பர்மாக்காரி. அந்த வீட்டுல ரெண்டு பக்கமும் சண்டையில்லாம ஒத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. மாட்டுக்கறி தொடக் கூடாது."

"வெந்து சாம்பலாயிடுச்சுக்கா."

"எனக்குச் சாம்பல் தெரியலியே, கோ சேகர். மாடுதான் தெரியுது."

திரும்பும் பேருந்து பாகோ ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் புஷ்பா கேட்டாள்.

"அந்த அமெரிக்காக்காரங்க என்ன ஆனாங்க?"

"ரெண்டு வருசத்துல மூடிட்டாங்க."

"இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

புஷ்பா தன் மடியிலிருந்த கிண்ணங்களின் காகிதப் பொட்டலத்தை அவன் மடிக்குத் தள்ளினாள்.

அந்த வார இறுதியில் சூளையை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். பலகைமேல் கிடந்த கிண்ணத்தைத் தூக்கி வெயிலில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இங்க செஞ்சதா? என்ன போட்டீங்க?"

"வெறும் மண்ணு," என்றான் தனசேகரன்.