மூன்று தட்டு

என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்க்கிறவர். "உச்சி வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன், அங்க மோட்டார்தான் இருக்கு" என்பது அவருடைய ஒரே ஜோக். கல்யாணமான புதிதில் சிரித்துத் தொலைத்தேன், அதனால் இன்றுவரை சொல்கிறார்.

ஆனால் லிஃப்ட் கதவைத் திறக்கும் முன் சுவிட்சை அணைப்பார், அதற்குப் பூட்டுப் போடுவார், சாவியைச் சட்டைப்பைக்குள் வைப்பார், 'வேலை நடக்கிறது' என்ற அட்டையை மாட்டுவார், எல்லாம் முடிந்த பிறகு விரல் முட்டியால் கதவில் மூன்று தட்டு தட்டுவார். வீட்டுக் கதவுக்கும் அப்படித்தான். பீரோவுக்கும் அப்படித்தான்.

அது அவர் அப்பா போட்ட பழக்கம். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனிடம் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டுமாம். மறந்தால் முழங்காலில் நிற்க வைப்பாராம். எட்டு வயதில் ஒருநாள் இவர் தட்டாமல் ஓடிவிட்டார். அன்று சாயங்காலம் அவர் அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். "நீ தட்டல, அதான்" என்று மட்டும் சொன்னாராம் அப்பா. இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நானும் கேலி செய்தேன்.

நான் வளர்ந்த வீடு வேறு மாதிரி. "சாமி நம்மளத் தொந்தரவு பண்ணல, நாமளும் அதைத் தொந்தரவு பண்ண வேணாம்" என்பார் என் அப்பா. அத்தோடு சரி. நான் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக ரத்தம் பார்க்கிறேன். ரத்தத்தில் இருப்பதை நம்புவேன், இல்லாததை நம்பமாட்டேன்.

எங்கள் மகளுக்கு ஆறு வயது. உடம்பெல்லாம் குச்சி, தலை மட்டும் பெரிசு என்பதால் குண்டூசி என்று கூப்பிடுவோம். ஒரு காலையில் அவள் சமையல் மேடையில் மூன்று முறை தட்டிவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த பால் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்தாள்.

கத்திக்கொண்டே அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் நீட்டினேன்.

"சுடும்னு தெரியாதாடி?"

"தெரியும். அதான் தட்டினேன்."

"தட்டினா சுடாதா?"

விம்மலுக்கு நடுவே யோசித்தாள். "ரெண்டாவது தட்டு மெதுவா விழுந்துடுச்சும்மா."

கை வெந்துபோயிருக்கிறது, ஆனாலும் தப்பு தட்டியதில் இல்லையாம், சரியாகத் தட்டாததில்தானாம். என் கூடத்தில் ஒரு சோதனை தோற்றால் தோற்றதுதான். இது தோற்கவே தோற்காத சோதனை.

கணவர் வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். "உங்க பேச்சைக் கேட்டு வளரலங்க அவ. உங்க கையைப் பார்த்து வளர்றா. நீங்களே அவ கண்ணு முன்னாடி தட்டாமத் திறந்து காட்டுங்க."

"அவ்வளவுதானே?" என்றார். அவர் முகம் வெளுத்ததைக் கோபத்தில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டட லிஃப்டுக்குப் பராமரிப்பு. எங்கள் மாடியில் நானும் குண்டூசியும் சுவரோரம் நின்றோம். சுவிட்ச், பூட்டு, சாவி, அட்டை எல்லாம் ஆயிற்று. அவர் கை கதவை நோக்கிப் போய் அந்தரத்தில் நின்றது. பிடரியில் வேர்வை வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். உள்ளே கிணறு போல இருட்டு. கூண்டின் மேல் இறங்கி, நாலு இடத்தில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

"பார்த்தியா? அப்பா தட்டவே இல்ல. ஏதாவது ஆச்சா?"

"ஆகாது. நான்தான் உனக்காகத் தட்டினேனே." முதுகுக்குப் பின்னால் சுவரில் வைத்திருந்த கையை எடுத்துக் காட்டினாள்.

அவர் கோபப்பட்டிருக்க வேண்டும். இல்லை. தோள் தளர்ந்து, மூச்சு வந்து, முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குழந்தையும் அதைப் பார்த்தாள். நான் அன்றே பயந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல். நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பினார். கணவர் வேலைக்குப் போயிருந்தார், நான் லீவு போட்டிருந்தேன். மதியம் வரை அவள் கண்ணை மூடவில்லை. சுருண்டு படுத்தபடி கட்டில் சட்டத்தில் தட்டுவாள், கொஞ்சம் விடுவாள், மறுபடி தட்டுவாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். முட்டிகளில் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. வகுப்பில் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பியதை விளையாட்டு என்று ஒதுக்கியிருந்தேன். பாவி நான்.

"எத்தனை நாளாடி இப்படி?"

"அப்பா லிஃப்ட்ல இருக்கிறப்போ எல்லாம். நான் தட்டலன்னா அப்பா விழுந்துடுவாரு."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

"அப்பா பூட்டு போட்டுட்டுத்தான் உள்ள போவாரு. ஒண்ணும் ஆகாது. நீ தூங்கு."

உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு வெடித்திருந்தது. "நான் தூங்கிட்டா யாரும்மா தட்டுவா?" என்று அழுதாள்.

அதட்டினேன், கெஞ்சினேன், கதை சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் என் வாயிலிருந்தே அது வந்தது. "நான் தட்டுறேன். நீ தூங்கு."

சந்தேகமாகப் பார்த்தாள். "நகத்தால இல்ல, எலும்பால. மூணும் ஒரே மாதிரி விழணும்."

தட்டினேன். மேஸ்திரி வேலையைச் சரிபார்ப்பது போலக் கேட்டாள். ஆறாவது தடவை தட்டும்போது தூங்கிவிட்டாள். அரை மணியில் நெற்றி குளிர்ந்தது. இனி நிறுத்தலாம் என்று எனக்குத் தெரியும். சுவிட்ச் அணைந்திருக்கும், சாவி அவர் பையில் இருக்கும், எல்லாம் தெரியும்.

போன் அடித்தது. மூன்றாவது தட்டு பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"வேலை முடிஞ்சுது, கிளம்பிட்டேன். குண்டூசி எப்படி இருக்கா?"

"தூங்குறா. பார்த்து வாங்க" என்று வைத்தேன்.

வீடு வந்து சேர அவர் இரண்டு பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும். நான் மறுபடி தட்ட ஆரம்பித்தேன்.