தூடோர் போய்வருவதற்கு ஒரு காகிதம்

1

இந்தக் கதை எனக்கு வார்டு அலுவலக வரிசையில் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. மேல்வீட்டு லுசிண்டா சாட்சி சொல்லக் கூட்டிப் போனாள். திரும்பி வந்து முதல் வரியை எழுதினேன்:

'செதூபாலில் மழை பெய்த ஒரு காலை, காதலர் இருவர்...'

வேண்டாம். மழையே பெய்யவில்லை. லுசிண்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். காதலி என்று எழுதினால் என் கதவை உடைத்துவிடுவாள்.

நடந்ததையே சொல்கிறேன். அவள் இந்தச் செதூபால் ஊர்க்காரி. அவளோடு இருக்கும் தூடோர் மால்டோவாக்காரன், கொத்தனார். பல வருடமாக ஒரே வீடு, கல்யாணம் மட்டும் இல்லை. "ரெண்டு தடவ கட்டிக்கிட்டேன், ரெண்டும் நாசமாப் போச்சு. இதாவது உருப்படட்டும்" என்பாள். அவன் இங்கே தங்குவதற்கான அனுமதி எப்போதோ முடிந்துவிட்டது. ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று வார்டு அலுவலகம் எழுதிக் கொடுத்தால் குடியிருப்பு அட்டை கேட்கலாம். அதற்குத்தான் சாட்சி.

2

(இங்கே தூடோரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் ரொம்ப நல்லவனாக இருந்தான். கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

அன்றைக்கு இருவருக்கும் பேச்சே இல்லை. ஊரில் தூடோரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. "அட்டைய வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வா" என்றாளாம் லுசிண்டா. துரத்துகிறாள் என்று அவனுக்குப் பட்டிருக்கிறது.

வரிசையில் நான் நடுவில் நின்றேன்.

"இல்டா, பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்தானான்னு கேளு" என்றாள் லுசிண்டா என்னிடம்.

"வந்தேன்னு சொல்லுங்கக்கா. என்னை அனுப்பறதுக்கு அவளுக்கு ரொம்ப அவசரம்னும் சொல்லுங்க."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்கென்ன காது செவிடா?"

அலுவலகப் பெண் என்னிடம் கேட்டாள்: "இவங்க குடும்பமா வாழறாங்கன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

மனிதர்களின் மனதைத் திறந்து காட்டுவதாகச் சொல்லி எட்டுப் புத்தகம் எழுதியவள் நான். எனக்கு என்ன தெரியும்? தலைக்கு மேலே நாலு கால் நடக்கும் சத்தம், மத்தி மீன் சுடும் வாசனை. அவர்கள் ஒருவரையொருவர்...

"அது வந்து..." என்றேன்.

அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏன் ரெண்டு பேரும் பேசிக்க மாட்டேங்கறீங்க?"

"சண்டை" என்றான் தூடோர்.

"எவ்வளவு நாளா?"

"மூணு வாரமா" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"மூணு வாரமும் ஒரே வீட்லயா?"

"பின்ன எங்க போறது? இருக்கறது ஒரு கட்டில்" என்றாள் லுசிண்டா.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

3

இங்கேயே முடித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். ஒருமுறை அப்படித்தான் முடித்தேன். ஆனால் படியிறங்கும்போது தூடோர் என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, அட்டை வந்துட்டா, ஊருக்குப் போகாம இருக்க நான் என்ன சாக்கு சொல்றது?"

(மகளை அவன் கடைசியாகப் பார்த்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இதை இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.)

அப்படியானால் அவனுக்கு அந்தக் காகிதம் வேண்டுமா, வேண்டாமா? மகள் முகத்தைப் பார்க்க அவன் பயப்படுவது லுசிண்டாவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் போகச் சொன்னாளா? இதற்குப் பிறகு எனக்கு இந்தக் கதை பிடிபடவே இல்லை.

4

அட்டை வந்தது. தூடோர் போனான். இரண்டு வாரத்தில் வருகிறேன் என்றவன் இரண்டு மாதமாகியும் வரவில்லை. தினமும் போன் பண்ணுகிறான். "பேரன் என் விரலப் புடிச்சாத்தான் தூங்கறான்" என்கிறான். எப்போது வருகிறான் என்று சொல்வதில்லை.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்தேன். ஒன்றில் அவன் பெட்டியோடு தெருமுனையில் வருகிறான், லுசிண்டா ஜன்னலிலிருந்து பார்க்கிறாள். மற்றதில் அவன் வரவில்லை, லுசிண்டா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

நேற்று அவளே வந்து, என் சமையலறையில் நின்றபடி இரண்டையும் படித்தாள்.

"ரெண்டுலயும் நான் ஜன்னல்கிட்டயே நிக்கறேனே, எனக்குக் கால் இல்லயா?"

நான் இரண்டு தாளையும் வாங்கி மடித்து வைத்தேன்.

"ஏன் இல்டா, அவங்க ஊர்ல எனக்கு அட்டை குடுப்பாங்களா? கட்டிக்காமயே?"

"தெரியலயே, லுசிண்டா."

"எட்டுப் புத்தகம் எழுதியிருக்க. விசாரிச்சுச் சொல்லு" என்று மேலே போய்விட்டாள்.

இன்னும் விசாரிக்கவில்லை. அவள் வேலையை, வீட்டை, இந்த ஊரை விட்டுவிடுவாளா, அங்கே போனால் அவன் சந்தோஷப்படுவானா, எதுவும் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது மேலே கனமான எதையோ தரையில் இழுக்கிறாள். பெட்டியாக இருக்கலாம். வெறும் மேசையாகவும் இருக்கலாம். நான் பேனாவை மூடுகிறேன். நீங்கள் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள்.