பெய்லிங் கடையின் படம்

“என் விளம்பரத்தப் பாத்து வந்த பொண்ண நீ ஏன்டி உள்ள இழுத்தே?” என்று தைவானின் தைனான் நகரச் சந்தைத் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் லிச்சூ.

“நான் எங்கக்கா இழுத்தேன்? நீங்க போட்ட படத்துல என் கடை போர்டுல்ல இருக்கு,” என்றாள் பக்கத்துச் சிற்றுண்டிக் கடை பெய்லிங்.

தனியாளாய்ச் சோயாப்பால் காய்ச்சி ஓய்ந்துபோன லிச்சூ, ‘ஆள் தேவை, சம்பளம் நேரில்’ என்று பேஸ்புக்கில் போட்டதற்கு ஈ காக்கைகூட வரவில்லை. பெய்லிங்கோ சம்பளம், வேலைநேரம், சாப்பாடு எல்லாம் எழுதிப் படமும் போட்டாள், ஆட்கள் குவிந்தார்கள். வயிறெரிந்த லிச்சூ கடைப்பெயரை மட்டும் மாற்றி, அதையே படத்தோடு போட்டுக்கொண்டாள்.

“அவ உன்கிட்ட ஒரு மாசம் தாங்கமாட்டா, பாரு,” என்றாள் லிச்சூ.

அந்தப் பெண் தாங்கினாள். பெய்லிங்கின் தம்பியையே கட்டிக்கொண்டு, காவ்சியுங் நகரில் கிளைக்கடை போடப் போய்விட்டாள். கல்யாண விருந்தில் பத்துப் பேருக்கு ஒன்றாக எத்தனை மேசை போட்டார்கள் என்று, எதிர்க்கடையிலிருந்து போய்வந்த என்னிடம் லிச்சூ கேட்டாள். கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.